கேக் உள்ள இருக்கு

உக்காரும்மா, தாராளமா உக்காரு. நான் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிக்கிடுதேன். ஆனா ஜன்னல் சீட்டை மட்டும் கேக்காத. அது ஓவனுக்கு.

என்ன சிரிக்க? அதுக்கும் டிக்கெட் எடுத்திருக்கு, பாத்துக்கோ. முழு டிக்கெட்டு. கண்டக்டர் லக்கேஜுன்னு மேல தூக்கிப் போடப் பாத்தான். விடுவேனா நான்? "எய்யா, உன் வீட்டு மனுசாள இப்படித்தான் மேல தூக்கிப் போடுவியா"ன்னு ஒரு கேள்விதான் கேட்டேன். அப்புறமும் ரெண்டு மூணு கேள்வி கேட்டேன்னு வச்சுக்கோ. சாத்தூர் தாண்டுததுக்குள்ள அவனே வந்து டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டான். மரியாதை தெரிஞ்ச பையன். அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல.

உள்ள பழ ஜாடி இருக்கு. திராட்சை, பேரீச்சம்பழம், செர்ரி, முந்திரி, எல்லாம் வீட்டுல போட்ட திராட்சை ரசத்துல ஊறிக்கிட்டு இருக்கு. ஊறுற பழத்துக்குப் பக்கத்துல சத்தம் ஆகாதாம். பஸ் ஏறும்போதே எங்க வீட்டுக்காரவிய சொல்லிட்டாவ, "பாக்கியம், கோயம்புத்தூர் போற வரைக்கும் பழத்துக்குப் பக்கத்துல பேச்சு கூடாது"ன்னு. அதான் நான் இப்படி மெதுவா பேசுதேன். அவியளா? அந்தா கடைசி சீட்டுல மப்ளரைக் காதோட சேத்துச் சுத்திக்கிட்டு இருக்காவல்லா, அவியதான். சற்குணம் சார்னா பாளையங்கோட்டைல தெரியாத ஆளு கிடையாது. எனக்குப் பின்னால சீட்டு காலியாத்தான் கெடந்துச்சு. கடைசிலதான் காத்து நல்லா வருமாம், அங்க போயி உக்காந்துட்டாவ. காத்து வேணும்ங்கிற ஆளு எதுக்கு மப்ளர் சுத்துதாவன்னு கேக்காத. சயின்ஸ் வாத்தியார். அவியளுக்கு என்னமும் ஒரு காரணம் இருக்கும்.

எங்க வீட்டுல கேக்குக்கு ஒரு சட்டம் உண்டு. கேக் உள்ள இருக்கும்போது யாரும் பேசக்கூடாது. உனக்குத் தெரியாதா? உங்க வீட்டுல கேக் போட மாட்டியளா? அப்போ தெரிஞ்சுக்கோ, நாளப்பின்ன உதவும்.

எங்க பையன் ஜெபசிங் மொத சம்பளத்துல எனக்கு வாங்கிக் குடுத்த ஓவன் இது. அதுக்கு முந்தி மாவைக் கரைச்சு, பேக்கரிக்குத் தூக்கிட்டுப் போயி, பேக்கரிக்காரன் அடுப்புல சுட்டு வாங்கிட்டு வருவோம். கிறிஸ்துமஸ் நேரத்துல அங்க வரிசைல நிக்கணும். நான் வரிசைல நின்னா எனக்குப் பொழுது போறதே தெரியாது, நாலு பேருட்ட பேசலாம். ஆனா முன்னால நிக்கவிய எல்லாரும் "நீங்க மொதல்ல போங்கம்மா, நீங்க மொதல்ல போங்க"ன்னு விட்டுக் குடுத்துருவாவ. நம்ம ஊரு ஜனங்க தங்கமான ஜனங்க.

சரி, ஓவன் வந்த அன்னைக்கு வா. மொத கேக் உள்ள போயிட்டு. சிவப்பு லைட்டு எரியுது. நான் வீட்டுக்காரவியட்ட ஒண்ணும் பெருசா சொல்லல. அவிய தங்கச்சி என் கல்யாணத்துல வந்து பட்டுச்சேலை விசயத்துல பண்ணுன காரியத்தைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். பழைய கதைதான், ஆனா சொல்லணும்லா, மறந்துரும். அவிய ஓவனையே பாத்துக்கிட்டு இருந்தாவ. திடீர்னு விரலைத் தூக்கி, "பாக்கியம், நிறுத்து"ன்னாவ. எனக்குப் பதறிப்போச்சு. காலண்டர்ல ஒரு தாளைக் கிழிச்சு, பின்பக்கத்துல படம் போட்டாவ. கேக்குக்குள்ள குட்டிக் குட்டியா காத்துக் குமிழி. வெளிய இருந்து அம்பு அம்பா வந்து குத்துது. அம்பு கிளம்புற எடத்துல ஒரு வாய் போட்டிருந்தாவ. "சத்தத்துல அதிர்வு இருக்கு. அதிர்வு பட்டா குமிழி உடையும். குமிழி உடைஞ்சா நடுவுல குழி விழும்"ன்னாவ.

எனக்கு அது தெரியவே தெரியாது, பாத்துக்கோ. இத்தனை வருசம் பேக்கரிக்காரன் போட்ட கேக் எல்லாம் எப்படி எழும்புச்சுன்னு நெனச்சேன். அவன்கூட ஊமை மாதிரிதான் நிப்பான், நான் போனா வாயே தொறக்க மாட்டான். அதான் சங்கதின்னு வெளங்கிட்டு.

அன்னைலேர்ந்து சட்டம். சிவப்பு லைட்டு எரிஞ்சா எல்லாரும் வாய மூடிக்கிடணும். எனக்கு இதுல ஒரு கஷ்டமும் கிடையாது. நான் சும்மாவே அதிகம் பேசாத ஆளு. மத்தவியளுக்குத்தான் கஷ்டம்.

அப்புறம் ஜெபசிங்குக்குக் கல்யாணம் ஆச்சு. மருமக பேரு ஷைனி, கோயம்புத்தூர்ப் பொண்ணு. நல்ல பொண்ணு, குறை சொல்லக்கூடாது. எல்லாத்துக்கும் "சரிங்கத்த, சரிங்கத்த"ம்பா. அது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்காது. ஒரு விசயத்தைச் சொன்னா எதுத்து ஒரு வார்த்தை பேசுனாத்தான் நாம மேக்கொண்டு சொல்ல வசதி. சரின்னுட்டா நான் எங்க போறது? அதனால அடுத்த விசயத்தை எடுக்க வேண்டியதாப் போகுது. தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டுத் திரியுதது, இட்லிக்கு ஜாம் தொட்டுக்கிடுதது, வெங்காயத்தை ஏதோ கணக்குப் பரிச்சைக்கு வெட்டுத மாதிரி வெட்டுதது. நான் எதையும் மனசுல வச்சுக்கிட மாட்டேன், அப்பவே சொல்லிருவேன். மனசுல வச்சுக்கிட்டா பாவம்லா.

போன வருசம் டிசம்பர் மாசம் ரெண்டு பேரும் லீவு போட்டுட்டு வந்தாவ. வந்து பெட்டிய இறக்கி வைக்கல, "என்னம்மா ஷைனி, இவ்வளவு வெளுத்துப் போயிட்ட, உங்க அம்மை உனக்கு..."ன்னு ஆரம்பிச்சேன். அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரவிய நாற்காலிலேர்ந்து துள்ளி எந்திரிச்சு, "ஜெபசிங், முட்டைய எடு! கேக் போடுவோம்!"ன்னாவ. அவியளுக்குச் சக்கரை வியாதி, பாத்துக்கோ. ஒரு துண்டு திங்க முடியாது. ஆனாலும் பிள்ளைங்க வந்த சந்தோசம். எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

மறுநாள் காலைலயும் கேக். சாயங்காலமும் கேக். அதுக்கடுத்த நாளு நான் பல்லு வெளக்கிட்டு வந்து, "ராத்திரி ஒரு விசயம் யோசிச்சேன்"னு சொன்னேன். என்ன விசயம்னு இன்னும் சொல்லவே இல்ல. ஷைனி மாவு சலிக்கா, ஜெபசிங் சீனியக் கருக்குதான், அவிய ஓவனைத் தட்டி விட்டுட்டாவ. ஒரு வீட்டுல கேக் போட இவ்வளவு ஆசையா நான் பாத்ததே இல்ல. வேற வீட்டுல எல்லாம் மாமியாரு கெடந்து சாவா, மருமக செல்போனைப் பாத்துக்கிட்டு கெடப்பா. எங்க வீட்டுல நான் வாயத் தொறக்கதுக்குள்ள வேலை முடிஞ்சிருது.

கேக்கை என்ன செய்ய? தெரு முழுக்கக் குடுத்தோம். பக்கத்து வீட்டு முத்துலெட்சுமிட்ட நாள் தவறாமக் குடுத்தோம். அவளுக்கு அது எவ்வளவு பிடிச்சிருக்குன்னா, மூணாவது நாளு அவளே ஒரு தட்டு முட்டை வாங்கிட்டு வந்து, "இந்தாங்க அத்த, போடுங்க, நல்லாப் போடுங்க"ன்னு குடுத்துட்டுப் போறா. எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுச்சுவரு ஒண்ணுதான், பாசம் வந்துரும்லா. எங்க சபை ஐயர், அதான் பாஸ்டர், ஜெபம் பண்ண வந்தாவ. நான் அவியட்ட பாடகர் குழுவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலாம்னு வாயெடுத்தேன். ஐயரே எந்திரிச்சு அடுக்களைக்குள்ள எட்டிப் பாத்து, "என்னம்மா, இன்னைக்கு கேக் வைக்கலியா?"ன்னாவ. வச்சோம். ஜெபத்தைக் கூட வாய்க்குள்ளயே பண்ணிட்டுப் போனாவ. ஐயருக்கே சட்டம் தெரிஞ்சிருக்கு பாரு.

தெரு நாய் எல்லாம் கேக்கைப் பாத்தா எந்திரிச்சு அடுத்த தெருவுக்குப் போயிரும். அந்த நெலமைக்கு வந்துட்டு.

ஆனா ஒண்ணு சொல்லுதேம்மா. அந்த நேரம் இருக்குல்லா, கேக் உள்ள இருக்குத நேரம், அந்த மாதிரி நேரம் என் வாழ்க்கைல இல்ல. அடுக்களை சின்னது. நாலு பேரும் தரைல, ஓவனுக்கு முன்னால, முட்டியோட முட்டி இடிச்சு உக்காந்திருப்போம். சீனி கருகுன வாசம், கிராம்பு வாசம், அப்புறம் மெல்ல மெல்ல வெண்ணெய் வாசம். கண்ணாடி வழியா கேக் எழும்புதது தெரியும். யாரும் பேச மாட்டோம். ஷைனி விரல்ல ஒட்டுன மாவை நக்கிட்டு என்னையப் பாத்துச் சிரிப்பா. ஜெபசிங் சின்னப் பிள்ளை மாதிரி என் தோள்ல சாஞ்சுக்கிடுவான். அவிய என் கையப் பிடிச்சுக்கிட்டு இருப்பாவ. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவிய என் கையப் பிடிச்சது எல்லாம் கேக் உள்ள இருக்கும்போதுதான். எனக்கு அதுதாம்மா கிறிஸ்துமஸ். நட்சத்திரம் கட்டுதது, புதுத்துணி, பாட்டு, அதெல்லாம் அப்புறம்தான்.

அப்படி உக்காந்திருக்கும்போது ஒருநாள் ஷைனி என்னைய மெல்லத் தட்டுனா. என்னன்னு தலைய ஆட்டிக் கேட்டேன். என் கைய எடுத்து அவ வயித்துல வச்சா. எனக்கு மொதல்ல புரியல, இட்லிக்கு ஜாம் தொட்டுத் தின்னதுல வயித்து வலின்னு நெனச்சுட்டேன். அவ ரெண்டு கையவும் சேத்துத் தொட்டிலு மாதிரி ஆட்டிக் காமிச்சா.

யம்மா! எனக்குக் கத்தணும் போல இருக்கு, கேக் உள்ள இருக்கு! வாயில முந்தானையத் திணிச்சுக்கிட்டேன். கண்ணுல பொலபொலன்னு கொட்டுது. அவ என் கண்ணைத் தொடைச்சு விட்டா. நான் அவ கன்னத்தைத் தடவுனேன். ஜெபசிங் சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டான், அவனும் அழுதான். இவ்வளவு பெரிய சேதி, வந்ததுலேர்ந்து அதைச் சொல்ல அவளுக்கு வேற நேரமே கிடைக்கல பாரு. நானும் முழுநேரமும் கூடத்தான் இருந்தேன்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. எல்லாத்தையும் கெடுத்தது ஒரு அணிலு.

ஆமா, அணிலுதான். கிறிஸ்துமஸுக்கு மொத நாளு. பெரிய கேக், சொந்தக்காரங்களுக்குக் குடுக்குதது, பாதி வெந்திருக்கு. எந்த மூதி அணிலோ ட்ரான்ஸ்ஃபார்மர்ல விழுந்துட்டு. டப்புன்னு ஒரு சத்தம், கரண்ட் போச்சு. சிவப்பு லைட்டு அணைஞ்சுட்டு.

லைட்டு இல்லன்னா சட்டம் இல்லல்லா? நீயே சொல்லு. ரெண்டு வாரமா நான் எவ்வளவு விசயத்தை உள்ள போட்டு அமுக்கி வச்சிருக்கேன். நான் பேசுனேன். பிரசவம் எங்க வீட்டுலதான்னு சொன்னேன். தலைப்பிரசவம் தாய் வீட்டுலங்கதெல்லாம் எனக்கும் தெரியும், ஆனா அந்த அம்மைக்கு ஒரு முட்டைய உடையாம அவிக்கத் தெரியாது, பிள்ளையக் குளிப்பாட்டவா தெரியும்னு கேட்டேன். பிள்ளைக்கு எங்க அம்மை பேருன்னு சொன்னேன். சம்பந்தகாரவிய கல்யாணத்துல போட்ட சாப்பாட்டைப் பத்தி ஒண்ணு ரெண்டு சொன்னேன். ஜாமைப் பத்திச் சொன்னேன். நடுவுல எப்பவோ கரண்ட் வந்துட்டு. சிவப்பு லைட்டு எரியுது. அவிய லைட்டைக் கைய நீட்டிக் காட்டுதாவ, காட்டுதாவ, கை வலிச்சுக் கீழ போட்டுட்டாவ. எனக்கு நிறுத்த வரல, பாத்துக்கோ. வண்டி பள்ளத்துல எறங்குத மாதிரி போகுது.

ஷைனியா? அன்னைக்கு "சரிங்கத்த"ன்னு கூடச் சொல்லல. கைல இருந்த கரண்டியக் கழுவி, கவுத்தி வச்சுட்டு ரூமுக்குள்ள போயிட்டா. ஜெபசிங் வந்து என் முன்னால நின்னு, "அம்மா, பிள்ளை பிறந்தா நாங்க இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வர மாட்டோம்"ன்னான். சத்தமே போடல. சத்தம் போட்டிருந்தா சமாளிச்சிருப்பேன். மறுநாள் விடியக்காலம் கோயிலுக்கு வந்தாவ, ஆராதனை முடிஞ்சுது, அப்படியே பஸ்ஸு ஏறிட்டாவ. கேக்கு வெட்டவே இல்ல. அந்த அணிலு மட்டும் என் கைல கிடைச்சிருந்தா.

ஜூலைல பேத்தி பிறந்துட்டு. ஆஸ்பத்திரில போயிப் பாத்தோம். அங்க சுவர்ல ஒரு நர்சு படம், உதட்டுல விரலை வச்சுக்கிட்டு நிக்கும்லா, அது மாட்டியிருந்துச்சு. அவிய அதுக்கு நேரா என் நாற்காலியப் போட்டுட்டாவ. அதனால நானும் பேசல. செத்த நேரம் கைல வச்சிருந்தேன், அவ்வளவுதான். அப்புறம் எல்லாம் போன்லதான். போன்ல நான் "தங்கம்"ன்னு ஆரம்பிச்சாலே டவர் போயிருது. கோயம்புத்தூர்ல டவர் சரியில்லையாம், ஷைனி சொல்லுவா. பிள்ளைய மடியில போட்டு ஒரு பாட்டுப் படிக்கல நான். இந்த மடியப் பாரு, எவ்வளவு எடம் கெடக்கு.

போன வாரம் ஷைனியே போன் பண்ணுனா. "அத்த, கிறிஸ்துமஸுக்கு வாங்க"ன்னா. எனக்குப் பேச்சே வரல. வரல, நெசமாத்தான் சொல்லுதேன். அடுத்து, "வரும்போது உங்க ஓவனைக் கண்டிப்பா கொண்டு வந்துருங்க"ன்னா. "உங்க வீட்டுல இருக்குல்லா, அதுவும் பெருசு"ன்னேன். "இருக்கு, ஆனா மாமாவோட அதிர்வு சயின்ஸ் எங்க ஓவனுக்குப் பொருந்துமோ என்னவோ. உங்க ஓவன்தான் நல்லது"ங்கா. மாவு மொத்தமா வாங்கிப் போட்டுட்டாளாம். முட்டைக்காரன்கிட்ட தினமும் கொண்டு வரச் சொல்லிட்டாளாம். கடைசில சொன்னா பாரு, "எங்க அப்பார்ட்மெண்ட்ல ஜெனரேட்டர் இருக்கு அத்த. கரண்டே போகாது. நீங்க எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கலாம்."

இந்தக் காலத்துல எந்த மருமகம்மா மாமியாரோட கேக்குக்காக ஜெனரேட்டர் வரைக்கும் யோசிப்பா?

நீ ஏன் அப்படிப் பாக்க? சிரிக்கவும் மாட்டேங்க, அழவும் மாட்டேங்க. சரி, நீ மதுரைல எறங்கிருவ, உங்கிட்ட ஒண்ணு சொல்லுதேன். கிட்ட வா. இன்னும் கிட்ட வா, பழத்துக்குக் கேக்கக்கூடாது.

கரண்ட் போன அன்னைக்கு ஷைனியும் ஜெபசிங்கும் ரூமுல பெட்டி அடுக்கிக்கிட்டு இருந்தாவ. வீட்டுக்காரவிய வாசல்ல நின்னாவ. நான் அடுக்களைல தனியா நிக்கேன். டிங்குன்னு மணி அடிச்சுட்டு. ஓவன் கதவைத் தொறந்தேன். நடுவுல கரண்ட் போயி, நான் அவ்வளவு கத்தி, முத்துலெட்சுமி வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிர்ந்திருக்கும். கேக் பொங்கி நிக்கும்மா. உப்பி, பொன்னு மாதிரி நிக்கு. ஒரு பொட்டுக் குழி இல்ல. நாங்க போட்டதுலயே அதுதான் நல்ல கேக்.

நான் அதையே பாத்துக்கிட்டு நின்னேன். அப்புறம் கரண்டிய எடுத்தேன், ஷைனி கழுவிக் கவுத்தி வச்ச கரண்டிதான். அதோட முதுகை வச்சு நடுவுல ஒரு அமுக்கு அமுக்குனேன். நல்லா ஆழமா. சுடுது, அமுங்க மாட்டேங்கு, அமுக்குனேன். அவிய உள்ள வந்தாவ. குழியப் பாத்தாவ. என்னையப் பாத்தாவ. "பாத்தியா பாக்கியம், நான் சொன்னேன்லா"ன்னாவ. "ஆமா, நீங்க சொன்னது சரிதான்"ன்னேன்.

ஏன்னு கேக்கியா? குழி விழாதுன்னு தெரிஞ்சுட்டா, அப்புறம் யாரும்மா எங்கூட வந்து அப்படி முட்டியோட முட்டி இடிச்சு உக்காருவா? சும்மா பேசாம இருன்னா எனக்கு இருக்க முடியல. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன், ஆண்டவர் சத்தியமா முடியல. உள்ள ஏதாவது ஒண்ணு வெந்துக்கிட்டு இருக்கணும். பிள்ளை குப்புற விழ ஆரம்பிச்சிருக்காம். கேக் உள்ள இருக்கும்போது அதைத் தூக்கி என் மடியில வச்சா, நான் மூச்சுக்கூட விட மாட்டேன்.

ஏய், அந்தா அவிய எந்திரிச்சு வாராவ. டீ வாங்கவா இருக்கும். நீ ஒண்ணும் கேக்கல, நான் ஒண்ணும் சொல்லல, என்னா? நேரா உக்காரு.

என்னங்க, மப்ளரை எடுங்க, நான் சொல்லுதது கேக்குதா? பழம் நல்லா இருக்கு. திருநெல்வேலி தாண்டி இந்த நிமிசம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசல நான். வேணும்னா இந்தப் பிள்ளைட்ட கேட்டுப் பாருங்க. சொல்லும்மா.